இனிப்புப் புகை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தால், பட்டறைக்கு எதிரே டயர் கடை வைத்திருப்பவரே உதட்டைப் பிதுக்குவார். மூக்கர் என்று கேட்க வேண்டும். "மூக்கரா? நேரா போங்க. பழைய கார் நாலஞ்சு நிக்கும். அதுல ஏதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒருத்தர் குனிஞ்சுக்கிட்டு நிப்பாரு, அவர்தான்" என்று கையைக் காட்டுவார்.

குனிந்து நிற்பதுதான் அவருடைய தொழில் என்றாலும் பொய்யில்லை. பழைய பெட்ரோல் கார் ஒன்று புகை விட்டுக்கொண்டு வந்தால் மற்ற மெக்கானிக்குகள் முன்பக்கம் போவார்கள், பானட்டைத் திறப்பார்கள், அதைக் கழற்று இதைக் கழற்று என்பார்கள். மூக்கர் பின்பக்கம் போவார். ஓட்டி வந்தவரை ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கச் சொல்வார். ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையால் சைலன்சர் புகையைக் கொஞ்சம் தன் பக்கம் ஒதுக்கி மூக்கில் ஏற்றிக்கொள்வார். நிமிரும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

புகைக்கு நிறம் உண்டு, அது யாருக்கும் தெரியும். கறுப்பென்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது, நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் தண்ணீர் எரிகிறது. தண்ணீர் எரியுமா என்று கேட்காதீர்கள், பட்டறைப் பேச்சு அப்படித்தான். புத்தகத்தில் இவை தனித்தனியாக, பளிச்சென்று இருக்கும். தெருவில் வருகிற புகை புத்தகம் படித்ததில்லை. நல்ல வெயிலில் நீலம் வெளுத்துத் தெரியும். மேகம் போட்டிருந்தால் எல்லாமே சாம்பல்தான். பழைய வண்டியில் இரண்டு கோளாறு சேர்ந்து இருந்துவிட்டால் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை.

வாசனை ஏமாற்றாது என்பது மூக்கர் கட்சி. பெட்ரோல் அதிகமானால் கண்ணைக் கரிக்கிற நெடி. ஆயில் எரிந்தால் தீய்ந்த எண்ணெய்ச் சட்டியின் காறல். ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைக் கூலண்ட், எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் அடைப்பாக இருக்கிற கேஸ்கட் தகடு வழியாக உள்ளே கசிந்து எரிந்தால் லேசாக ஒரு இனிப்பு வாசனை, பாகு காய்ச்சுகிற இடத்தைத் தாண்டிப் போகிற மாதிரி. இருப்பதிலேயே கெட்டது அந்த இனிப்புதான். "மத்ததெல்லாம் வண்டிக்குச் செலவு, இது வண்டிக்குச் சாவு" என்பார்.

இளவயதில் அவர் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார். லாரி வந்து இறக்கிய பெட்ரோலை ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல மண்ணெண்ணெய் கலந்திருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். கலந்தது முதலாளியேதான் என்பது பாவம், அவருக்குத் தெரியாது. அன்றோடு வேலை போயிற்று, பெயர் வந்தது. வேண்டாத இடத்தில் மூக்கை நுழைத்தவன் என்று முதலாளி திட்டியதைத்தான் ஊர் சுருக்கி மூக்கன் ஆக்கியது. தலை நரைத்து, சொந்தப் பட்டறை வந்த பிறகு மரியாதைக்கு ஒரு 'ர்' சேர்ந்தது.

கல்யாணமும் மூக்கால் வந்ததுதான். ஒரு வீட்டில் ஓடாமல் கிடந்த காரைப் பார்க்கப் போனவர், பானட்டுக்குள் தலையை விட்டபடியே, "உள்ள ஏதோ தீயுது, பாருங்க" என்றார். அந்த வீட்டுப் பெண் அடுப்பை மறந்துவிட்டு வாசலில் நின்று இவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவளுக்கு வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். "சட்டியைத் தீய்ச்சுத்தான் இவரைப் பிடிச்சேன்" என்று பின்னாளில் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய தம்பிதான் இப்போது பட்டறையில் கூட்டாளி. புது வண்டிகளை அவன் பார்ப்பான், ஒரு சின்னப் பெட்டியின் ஒயரை வண்டிக்குள் செருகினால் கோளாறு எண்ணாக வந்து விழும். பழைய வண்டிகள் மூக்கருக்கு. மைத்துனனுக்குப் பொறாமை கிடையாது, பெருமைதான். "என் பெட்டி நம்பரை மட்டும்தான் காட்டும். எங்க மாமா மூக்கு வண்டியோட வண்டவாளத்தையே சொல்லும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான்.

அப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போயிற்று.

மழைக்காலத்தில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான். படுத்தார், எழுந்தார், பட்டறைக்கு வந்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் கையைத் துடைக்கும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. துணியை முகத்தருகே கொண்டுபோனார். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பெட்ரோல் டின்னைத் திறந்து மூக்கை வைத்தார். ஒன்றுமில்லை. கிரீஸ், பழைய ஆயில், ரப்பர் என்று ஒவ்வொன்றாய் எடுத்து முகர்ந்தார். இத்தனை வருஷம் வாசனையாலேயே நிரம்பியிருந்த பட்டறை, வெறும் சாமான்கள் கிடக்கிற இடமாக ஆகியிருந்தது. மூக்கடைப்பு விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். அடைப்பு விட்டது, வாசனை வரவில்லை. யாருக்கும் தெரியாமல் வேறு பேட்டையில் இருந்த ஒரு டாக்டரிடம் போனார். "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது" என்றார் டாக்டர்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயந்துவிட்டார், உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அதுதான். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மூக்கில்லாத மூக்கர் என்றால் சிரிப்பார்கள். பட்டம் வைத்த ஊருக்கு அதைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

மனைவி கண்டுபிடித்தாள். ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனவள், பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சில் நின்றுவிட்டாள். சமையலறையை ஒட்டிய அறையில்தான் மூக்கர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வந்தபோது பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து, அந்த நெடி வாசல்படி வரை வந்திருந்தது. மூக்கர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வீடே நாறுது, தெரியலையா?"

"கண் அசந்துட்டேன்."

"பக்கத்தைப் புரட்டுறீங்க, கண் அசந்தீங்களா?"

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து, கரிந்த பாத்திரத்தைத் துணியால் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"தம்பிகிட்ட சொல்லிடுங்க. அவன் நம்ம பையன் மாதிரி. சொன்னா என்ன, குடியா முழுகிடும்?"

"நீ சும்மா இரு. வந்துடும்."

அவள் சும்மா இருந்தாள். அன்றிலிருந்து குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அவர் ஒன்றும் சொல்வதில்லை என்பதைக் கவனித்தாள். முன்பெல்லாம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டவர், இப்போது கடமைக்குப் பிசைந்து விழுங்கிவிட்டு எழுந்தார்.

பட்டறையில் அவர் சமாளித்தார். இத்தனை வருஷத்து அனுபவம் எங்கே போகும்? குனிகிற சாக்கில் சைலன்சர் குழாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். பவுடர் மாதிரிக் கரி ஒட்டினால் பெட்ரோல், பிசுபிசுத்தால் ஆயில். ஓட்டி வந்தவரிடம், "காலையில மட்டுமா, இல்ல மேடு ஏறும்போதுமா?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். மீதியை ஊகித்துக்கொண்டு, முகர்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்வார். சொன்னது சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். அந்த மூச்சிலும் ஒரு வாசனையும் இல்லை.

இப்படியே போயிருக்கலாம். மாஸ்டர் வண்டி வராமல் இருந்திருந்தால் போயிருக்கும்.

மாஸ்டர் என்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மூக்கருக்குப் பால்ய சிநேகிதர். டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு இருந்தாலும் ஸ்கூலும் அவரே, வாத்தியாரும் அவரே, வண்டி ஒன்றே ஒன்று. மூக்கரைப் போலவே வயதான பெட்ரோல் கார். இடதுபக்கம் வாத்தியார் காலுக்கு என்று இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். அதைப் பொருத்திக் கொடுத்தவரே மூக்கர்தான். பயந்த சுபாவக்காரர்கள், நடுவயதுக்கு மேல் கார் ஓட்ட ஆசைப்பட்ட பெண்கள், மற்ற ஸ்கூல்களில் திட்டு வாங்கி அழுதவர்கள் எல்லாரும் மாஸ்டரிடம் வருவார்கள். மாஸ்டர் குரலை உயர்த்த மாட்டார். "பயப்படாதீங்க, பிரேக் என் கால்லயும் இருக்கு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியவர்.

அன்று காலை மேகம் மூடிக்கொண்டிருந்தது. பட்டறையில் ஒரு வாடகைக் கார் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரிடம் வரிசையாகப் பழைய கார்கள் இருந்தன. அத்தனையையும் இந்தப் பட்டறைக்கே விடலாமா என்று பார்க்க வந்திருந்தார். மைத்துனன் அவரை அழைத்து வர ரொம்ப நாளாய் அலைந்திருந்தான். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வண்டி பின்னால் புகையை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"மூக்கா, இதைக் கொஞ்சம் பாருடா. ரெண்டு மூணு நாளா காலையில புகை ஜாஸ்தியா இருக்கு" என்றார் மாஸ்டர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

மைத்துனன் முகம் மலர்ந்துவிட்டது. முதலாளி பக்கம் திரும்பி, "சார், இப்ப பாருங்க. எங்க மாமா பானட்டைத் திறக்கவே மாட்டாரு" என்றான். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டயர் கடைக்காரரும் தெருவைக் கடந்து வந்து நின்றார்.

மூக்கர் குனிந்தார். முகத்தில் வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது, கொஞ்சம் ஈரமாக இருந்த மாதிரியும் பட்டது. காலை நேரத்தில் எந்தக் குழாயிலும் ஈரம் இருக்கும். புகையின் நிறத்தைப் பார்த்தார். மேகமும் சாம்பல், புகையும் சாம்பல். விரலை விட்டுப் பார்த்தார், பிசுபிசுத்தது. இந்த வண்டி ஆயில் குடிக்கும் என்பதோ பழைய கதை, எப்போது விட்டாலும் பிசுபிசுக்கத்தான் செய்யும். இன்னொரு தரம் மூச்சை இழுத்தார், இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு.

"காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு மாதிரி..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"இரு, இரு. இங்க மூக்கர் யாரு? நீயா, நானா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மூக்கர் நிமிர்ந்தார். "ஆயில்தான். வால்வு சீல் தேய்ஞ்சிருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. அடுத்த வாரம் கொண்டா, மாத்திடலாம். அதுவரைக்கும் ஆயில் லெவலைப் பார்த்துக்கிட்டு ஓட்டு."

வாடகைக் கார் முதலாளி மூக்கில் விரலை வைத்தார். மைத்துனன் அவருக்கு டீ சொல்லப் போனான்.

மாஸ்டர் வண்டி வளைவில் திரும்பி மறைகிற வரை மூக்கர் அங்கேயே நின்றார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டிருந்தால் போதும். கேஸ்கட் போயிருந்தால் உள்ளே தண்ணீர் குமிழி விடும். ஆயில் ஊற்றுகிற மூடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம், தண்ணீர் கலந்திருந்தால் காபி நுரை மாதிரி ஒட்டியிருக்கும். இதற்கெல்லாம் மூக்கு வேண்டியதில்லை. நேற்று தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்கிற சோதனை. அதற்குப் பானட்டைத் திறக்க வேண்டும். திறக்கவே மாட்டார் என்று மைத்துனன் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டான். பானட்டைத் திறக்க வெட்கப்பட்ட மெக்கானிக்கை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? கேட்டால் எரிச்சல் வருகிறது. ஆனால் மனுஷனுக்கு மானம் தலைக்கேறிவிட்டால் புத்தி எழுந்து வெளியே போய்விடுகிறது, என்ன செய்ய.

அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டுக்குப் போனார். வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது, பூட்டியிருந்தது. பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது. சத்தம் கேட்டு மாஸ்டர் வெளியே வந்தார்.

"என்னடா, இந்தப் பக்கம்?"

சாவியைக் கொடு, ஒருதரம் ரேடியேட்டரைப் பார்த்துடறேன். இதுதான் சொல்ல வந்தது. நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. ஏன் என்று கேட்பார். காலையில் முகர்ந்து பார்த்துச் சொன்னாயே என்பார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"சும்மாதான்" என்றார் மூக்கர்.

உள்ளே கூட்டிப் போய் மாஸ்டர் டீ கொடுத்தார். புதிதாகச் சேர்ந்திருக்கிற நர்ஸம்மா ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஊசி போடக் கை நடுங்காதாம், ஸ்டீயரிங்கைத் தொட்டால் நடுங்குகிறதாம். இருவரும் சிரித்தார்கள். மூக்கர் டீயைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வரும் வழியெல்லாம், ஆயிலாகத்தான் இருக்கும், ஆயிலாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பாலத்து ஏற்றத்தில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்திக் கிளப்பப் பழக்கிக்கொண்டிருந்தார் மாஸ்டர், அந்த நர்ஸம்மாவுக்குத்தான். ஏற்றத்தில் நின்று நின்று கிளம்பினால் நல்ல எஞ்சினுக்கே மூச்சு வாங்கும். சூடு காட்டுகிற முள் அந்த வண்டியில் செத்து எத்தனையோ காலமாயிற்று. ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் பச்சைக் கறை படிந்து படிந்து, காலியாக இருந்தாலும் நிறைந்திருக்கிற மாதிரிதான் தெரியும். மாஸ்டர் தினமும் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். ஆயில் சரியாக இருந்தது. வேறெதையும் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. பாலத்தின் பாதியில் ஏதோ கரகரவென்று தேய்கிற சத்தம், பிறகு ஒரு குலுக்கல், முன்னால் ஆவி. எஞ்சின் இறுகிவிட்டது.

நர்ஸம்மா அழுதுவிட்டாராம். தான்தான் எதையோ தப்பாக மிதித்துவிட்டோம் என்று. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க, மாஸ்டர் இறங்கி நின்று, "உங்க மேல தப்பு இல்லம்மா, வயசான வண்டி" என்று அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாராம். கட்டி இழுத்து வந்த மைத்துனன் இதையெல்லாம் சொன்னான்.

எஞ்சினை மைத்துனன்தான் பிரித்தான். மூக்கர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். மேல்மூடியைத் தூக்கியதும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேஸ்கட் ஒரு ஓரத்தில் அரித்துப் போயிருந்தது. அந்த ஓரத்துப் பிஸ்டன் தலை மட்டும் கழுவிவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது, தண்ணீர் போய் எரிந்த அடையாளம். மேல்மூடி வளைந்திருந்தது. உள்சுவர் முழுக்கக் கீறல், ஒரு விரிசல் அடிவரை ஓடியிருந்தது. இனி இதைச் சரிசெய்வதைவிட வேறு வண்டி வாங்குவது மேல். மாஸ்டரால் இரண்டுமே ஆகாது.

மைத்துனன் துணியால் கையைத் துடைத்தான். வேண்டுமென்றே நிதானமாகத் துடைத்தான்.

"மாமா, இது தண்ணி. ஆயில் இல்ல."

"ம்."

"இது ஒரே நாள்ல ஆகுற வேலை இல்ல. நீங்க பார்த்தப்பவே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். கேட்க வாயெடுத்தவன், என்ன தோன்றியதோ, குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கி எடுத்து வைக்க ஆரம்பித்தான். திட்டியிருந்தால் தேவலை என்று மூக்கருக்கு இருந்தது. அன்று வீட்டில் மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி போன் செய்திருப்பான். தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் சாப்பிடாமல் எழுந்தார்.

தெரு சும்மா இருக்குமா? மூக்கருக்கு மூக்குடைந்தது என்று பேச்சு கிளம்பியது. அதை அடக்கியவர் யார் என்றுதான் கேட்க வேண்டும். மாஸ்டர். டயர் கடையில் யாரோ கேலியாகச் சொல்ல, "அவன் மூக்கு தப்பாது. அவன் பார்த்தப்ப ஆயில்தான். அதுக்கப்புறம் ஏத்தத்துல நான் போட்டு அடிச்சதுல கேஸ்கட் போயிருக்கும். என் தப்பை அவன் தலையில கட்டாதீங்க" என்று சண்டைக்கே போய்விட்டாராம். ஆயுசில் குரலை உயர்த்தாத மனுஷன். இதை டயர் கடைக்காரரே வந்து சொன்னார், நல்ல சிநேகிதர் கிடைத்திருக்கிறார் உங்களுக்கு என்று பாராட்டிவிட்டுப் போனார். மூக்கர் வண்டி ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டார். அங்கே செய்ய அவருக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

மாஸ்டர் ஸ்கூலை மூடிவிட்டார். பெரிய டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவன்தான் அங்கே மேனேஜர். "குரலை உயர்த்திச் சொல்லுங்க சார், பயம் இருந்தாத்தான் சீக்கிரம் கத்துக்குவாங்க" என்று அவன் சொல்வதாகக் கேள்வி.

வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போக ஆள் வருவதற்கு முதல் நாள், மாஸ்டர் ஒரு துணிப்பையோடு பட்டறைக்கு வந்தார். புது யூனிஃபார்ம் சட்டை போட்டிருந்தார். தோள் பக்கம் தொளதொளவென்று இருந்தது.

"அந்த ரெண்டாவது பிரேக்கைக் கழட்டிக் குடுடா. இரும்போட இரும்பா அதையும் போட மனசு வரல."

மைத்துனன் வெளியே போயிருந்தான். மூக்கர் வண்டிக்குள் தலையை விட்டு, இடதுபக்கம் குனிந்து, நட்டுகளைக் கழற்றினார். தன் கையால் பொருத்தியது. மாஸ்டரின் கால் பட்டுப் பட்டு மிதிகட்டையின் ரப்பர் ஒருபக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கழற்றிக் கையில் எடுத்தவர், வெளியே வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், எனக்கு மூக்கு போச்சு."

"என்னது?"

"வாசனை தெரியல. காய்ச்சல்ல போச்சு. அன்னிக்கு உன் வண்டியை நான் மோந்து பார்க்கவே இல்ல. குத்துமதிப்பா சொன்னேன். அந்த ஆள் முன்னாடி பானட்டைத் திறக்க வெட்கமா இருந்துச்சு." மிதிகட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்குச் சாயங்காலம் சொல்லத்தான் வந்தேன். டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டேன்."

மாஸ்டர் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சைலன்சர் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் வருமென்று மூக்கர் காத்திருந்தார். வந்தது கோபமில்லை. ரொம்ப நாளாக அர்த்தமாகாத ஒன்று அர்த்தமானவர் மாதிரி, மெல்லத் தலையை ஆட்டினார்.

"அப்ப என் மூக்கு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

"என்ன சொல்றே?"

"காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு மாதிரி இனிப்பா வாசனை வந்துச்சுடா. பாகு காய்ச்சுற மாதிரி. நீ சொல்லுவியே, அதே மாதிரி. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீ ஆயில்னு சொல்லிட்டே. மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். மூக்கன் ஆயில்னு சொல்லிட்டான், எனக்கு இனிப்பா வாசனை வருதுன்னா எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்டகூடப் போனேன்."

மாஸ்டர் துணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். மூக்கில் விடுகிற சொட்டு மருந்து. லேபிள் ஓரம் கசங்கியிருந்தது.

"காலையில ரெண்டு சொட்டு, ராத்திரி ரெண்டு சொட்டுன்னு குடுத்தாரு. அன்னிக்கு, பாலத்துக்குப் போறதுக்கு முன்னாடிகூட விட்டுக்கிட்டுத்தான் போனேன்."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் ஸ்பானர்கள் கிடந்த மேஜையின் மேல் வைத்தார்.

"இன்னும் பாதி இருக்கு. எனக்கு வேண்டியதில்ல. நீ விட்டுப் பாரு."

அவர் குரலில் குத்தல் கிடையாது. குத்தலாக இருந்திருந்தால் மூக்கர் தாங்கியிருப்பார். மாஸ்டர் கையை நீட்டினார், மூக்கர் மிதிகட்டையைக் கொடுத்தார். அது பைக்குள் சரியாக அடங்காமல் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாஸ்டர் தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தார்.